செல்லாயிக்கு ஓய்வு வழங்கும் விழா

குனோங் ராபாட் வட்டார இந்தியர் நல்வாழ்வுக் கழகத்துக்கு மூன்று வேலைகள் இருந்தன. பிரமுகரை அழைப்பது, பிரமுகருக்காகக் காத்திருப்பது, பிரமுகர் வந்து போனதைப் பாராட்டித் தீர்மானம் போடுவது. நல்வாழ்வு பெயர்ப்பலகையில் இருந்தது. அதற்கு மேல் அதை எங்கே வைப்பது என்று செயலவையில் யாருக்கும் தெரியவில்லை.

பிரமுகர் என்றால் அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட முடியுமா? வாசலில் ஐந்து சுமங்கலிகள் தட்டோடு நிற்க வேண்டும். சந்தனம், குங்குமம், பன்னீர், கற்கண்டு, கடைசியில் ஆலத்தி. நாலு பேர் நின்றால் பிரமுகருக்கு ஆகாதாம். ஆகாவிட்டால் என்னதான் ஆகும் என்று அந்தக் கழகத்தின் பதினான்கு வருடச் சரித்திரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அழைப்பிதழில் காலை ஒன்பது மணி என்று இருக்கும். தட்டுக்காரிகள் எட்டரைக்கே வந்து நின்றுவிட வேண்டும். டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பிரமுகரின் காடி பதினொன்றரைக்கு வந்து நிற்கும். அந்த மூன்று மணி நேரமும் வேர்வையில் ஜாக்கெட் முதுகோடு ஒட்ட, கற்கண்டில் மொய்க்கும் ஈயை விரட்டிக்கொண்டு நிற்பதற்கு ஆண்டறிக்கையில் ‘மகளிர் பங்கேற்பு’ என்று பெயர். கர்மம்!

செல்லாயி ஆறு வருடமாக ஆலத்தித் தட்டு.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, புருஷன் உடையப்பனோடு இங்கே வரிசை வீட்டுக்கு வந்தாள். அவன் மணல் லோரி ஓட்டினான். அவள் சிம்பாங் பூலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் ஞாயிறு கழகத்துக்கு. நல்ல மனுஷி, ஆனால் ஒரு கோளாறு. யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போய் நின்றுவிடுவாள். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு எடுப்பார்கள். ஆபீஸ் வாசலில் எல்லாரும் நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட மறுநொடி ‘இருக்கேங்க’ என்று குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பதிமூன்று வயதிலிருந்து அப்படி நின்ற கால்கள். மூளை யோசிப்பதற்குள் அவை நடந்துவிடும்.

கழகத்துக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருக்குமா? தலைவர் பழனியப்பனே அதே தோட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணிதான். மாதக் கூட்டம் தொடங்குமுன் இப்போதும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பெரட்டுதான் எடுப்பார். ஓட்டல் வைத்திருப்பவரும் பள்ளிக்கூட வாத்தியாரும்கூட அந்தக் குரலுக்கு எழுந்து நின்று ‘இருக்கேங்க’ என்பார்கள். அப்புறம் ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்துகொள்வார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் செல்லாயிக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. ஈப்போவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு உடம்பில் ரத்தம் பத்து இருக்க வேண்டும். அவளுக்கு ஏழுதான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தேதி கொடுத்து, இரண்டு முறையும் ரத்தம் போதவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சீன டாக்டரம்மா மலாயில் சொன்னதை, மிஸி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு தமிழ் நர்ஸ் எடுத்துச் சொன்னாள்.

“இதாம்மா கடைசித் தேதி. இன்னும் எட்டு வாரம் இருக்கு. மருந்தைச் சாப்பிடு, ரொம்ப நேரம் நிக்காத, ஞாயித்துக்கிழமையாவது படுத்துத் தூங்கு. இந்தத் தடவையும் ரத்தம் ஏறலைன்னா அடுத்த வருசம்தான் பாக்கலாமாம். அது வரைக்கும் நீ தாங்குவியான்னு கேக்கறாங்க.”

செல்லாயி அந்தச் சீட்டைத் தொழிற்சாலையில் காட்டினாள். கட்டைக் குரலில் எல்லாரையும் திட்டுகிற சீன சூப்பர்வைசர் அதை அரை நிமிடம் பார்த்தான். ஒரு முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளி, “டுடுக்லா!” என்றான். உட்காரு என்று அர்த்தம். அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்தபடி ஓட்டைக் கையுறைகளைப் பொறுக்கினாள்.

பணம் சம்பாதிக்க வந்த கம்பெனியிலேயே அரை நிமிடம்தான் ஆயிற்று, நல்வாழ்வுக் கழகத்தில் அதுகூட ஆகாது என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் வீட்டுக்குப் போய் நின்றாள். பழனியப்பன் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, எட்டு ஞாயித்துக்கிழமைக்கு என்னைக் கூப்பிடாதீங்கய்யா. ஒடம்பு முடியல. டாக்டர் படுக்கச் சொல்றாங்க.”

“சேவைக்கு ஏது செல்லாயி ஞாயித்துக்கிழமை?” என்றார் அவர், நகத்தை ஊதிவிட்டு. “நான் இருபத்தெட்டு வருசம் கிராணியா இருந்தேன். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? கேட்டுப் பாரு. எதுக்குப் போடணும்? காத்தாடிக்குக் கீழ உக்காந்துதானே இருந்தேன்!”

செல்லாயி நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் வாங்கவில்லை.

“சரி, நீயும் நம்ம ஆளு. ஆனா வாயால சொன்னா கழகத்துல செல்லாது. எழுதிக் கொடு.”

பக்கத்து வீட்டு ரோசரிதான் எழுதிக் கொடுத்தாள். அவளும் அதே தொழிற்சாலை, கொஞ்சம் வாய்த்துடுக்கு. “ஐயா, எனக்கு உடம்பு சரியில்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதீர்கள்” என்று இரண்டே வரி. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதிலேயே முதல் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. செயலாளர் யேசுதாசன் கடிதத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“இதுல ‘மாண்புமிகு தலைவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு’ எங்க? ‘தாழ்மையுடன்’ எங்க? கீழ ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ இல்ல. இப்படி எழுதினா கழகத்தை அதட்டுற மாதிரி இருக்குலா!”

தாழ்மை, கீழ்ப்படிதல், மேலான சமூகம் எல்லாம் சேர்த்துக் கடிதம் ஒரு முழுப் பக்கமாயிற்று. உடம்பு சரியில்லை என்ற செய்தி அதில் பதினோராவது வரியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு செயலவைக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது: ‘திருமதி செல்லாயி உடையப்பனின் ஞாயிற்றுக்கிழமைகள்’. கூட்டம் செல்ல வேண்டுமானால் கோரத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். வந்தது பத்துப் பேர்; செயலவையில் பெயருக்குப் பெண் உறுப்பினராக இருந்த செல்லாயிதான் பதினோராவது. பத்தரை மணிக்குத் துணைத்தலைவர் அப்பாவு மோட்டாரில் வந்து செல்லாயியை எழுப்பினார்.

“வா, வா. நீ வந்து உக்காந்தாத்தான் நீ வர வேண்டாம்னு நாங்க முடிவு பண்ண முடியும்.”

போனாள். பெரட்டு எடுத்தார்கள். ‘இருக்கேங்க’ என்றாள். ஒன்பதாவது விஷயம் வந்ததும் யேசுதாசன் எழுந்து, சம்பந்தப்பட்டவர் அறையில் இருக்கக்கூடாது, சட்டவிதி என்றார். வெளியே போனாள். போனதும் பத்துப் பேர்தானே, கோரம் போய்விட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். வந்ததும் விதி மீறல். மறுபடி வெளியே. இப்படி நாலு முறை எழுந்து, நடந்து, உட்கார்ந்து, அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் குசினியில் நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்க வேண்டியது. கதவு மட்டும் திறந்திருக்கட்டும். ஆள் வெளியே, எண்ணிக்கை உள்ளே. எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே விவாதித்தார்கள். ஓய்வென்றால் என்ன? உட்கார்ந்திருப்பதா, படுத்திருப்பதா, தூங்குவதா? படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டால் அது ஓய்வா, பொழுதுபோக்கா? ஒருத்திக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, எல்லாப் பெண்களும் கேட்க ஆரம்பித்தால் கழகத்தின் கதி என்ன? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் எல்லாரும் இன்னொரு தேத்தண்ணி கேட்டார்கள். பிறகு ஏழு பேர் கொண்ட ஓய்வு ஆய்வுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. தலைமை அப்பாவு. அடுத்த ஞாயிறு நேரில் போய்ப் பார்ப்பதாகத் தீர்மானம்.

“என்னத்தக்கா பாக்கப் போறாங்க?” என்றாள் ரோசரி. “நீ மல்லாக்கப் படுக்கிறியா, ஒருக்களிச்சுப் படுக்கிறியான்னா?”

ஏழு பேரும் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். “எங்களுக்காக ஒண்ணும் சிரமப்படாத. லேசா ஏதாச்சும் போதும், கோழி இருந்தாக்கூடப் போதும்” என்றார் அப்பாவு. உடையப்பன் பாசாருக்கு ஓடினான். செல்லாயி அடுப்படியில் நின்றாள். குழு படுக்கையறைக்குள் போய், சன்னலைத் திறந்து மூடி, மெத்தையை அமுக்கி, அலமாரியை எதற்கென்று தெரியாமல் திறந்து பார்த்தது. ஒருவர் கட்டிலை முழம் போட்டு அளந்தார். சாப்பாடு ஆயிற்று. கோழி எலும்பை உறிஞ்சிய சத்தம் தெருவுக்கே கேட்டது. அப்புறம் அப்பாவு ஏப்பம் விட்டு, “படுக்கை ஓய்வுக்கு லாயக்கான்னு சோதிக்கணும்” என்று அவள் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

சோதனை நாலு மணி வரைக்கும் நடந்தது. மற்ற ஆறு பேரும் கூடத்தில் சீட்டாடினார்கள். வீட்டுக்காரிக்கு அவள் வீட்டில் முதுகைச் சாய்க்க இடமில்லை. குசினியில் பலகையைப் போட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தாள். தலையணையில் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. வாயொழுகிய ஈரம் ஒரு பக்கம், சுருட்டு நாற்றம் ஒரு பக்கம், வெற்றிலைக் கறை ஒரு பக்கம். சீ! மனுஷன் தூங்கினதா, மாடு படுத்ததா? இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, வாய்க்கால் ஓரம் குனிந்து வாந்தியெடுத்தாள். துணைக்குழுவின் அறிக்கையில் ‘படுக்கை ஓய்வுக்கு மிகவும் ஏற்றது என்பது நேரில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

ஆக, ஓய்வு ஏகமனதாக வழங்கப்பட்டது. அதை அப்படியே வழங்கிவிட முடியுமா? கழகம் பதினான்கு வருடத்தில் முதன்முறையாக ஒருவருக்கு நல்வாழ்வு கொடுக்கிறது. விழா எடுக்க வேண்டாமா? டத்தோ கையால் கண்ணாடி போட்ட சான்றிதழ், பொன்னாடை, மாலை. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணி.

அதில் ஒரே ஒரு சிக்கல். சந்தனத் தட்டு மங்களம் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். செல்லாயியும் நிற்காவிட்டால் மூன்று பேர்தான். அவசரத்துக்கு ரோசரியைப் பிடித்தார்கள். அவள் ஜெபமாலைக்காரியென்றாலும் பரவாயில்லை, தாலி இருக்கிறதே என்று சட்டவிதியைத் தளர்த்தினார்கள். அப்படியும் நாலு.

“என் விழாவுக்கு நானே தட்டு தூக்கணுமாய்யா?” என்று கேட்டாள் செல்லாயி.

“இதுதான் கடைசி. இதைத் தூக்கி முடிச்சாத்தானே உனக்கு ஓய்வு!” என்றார் பழனியப்பன். அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

வீட்டில் உடையப்பனும், “ஒரு நாள்தானே, போயிட்டு வந்துடேன். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா இவுங்கதானே வரணும்” என்றான்.

“ஒண்ணு ஆகறதுக்குத்தான் அவுங்க வழி பண்றாங்கண்ணே” என்றாள் செல்லாயிக்குச் சேலை மடிப்பு எடுத்துவிட்டுக்கொண்டிருந்த ரோசரி.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வாசலில் நின்றார்கள். ஒன்பதரை ஆயிற்று. பத்தாயிற்று. டத்தோ கோப்பேங்கில் வேறொரு விழாவில் இருப்பதாகச் செய்தி வந்தது. செல்லாயி ஒரு நாற்காலி கேட்டாள். டத்தோ திடீரென்று வந்துவிட்டால் தட்டு உட்கார்ந்த கோலத்தில் இருப்பது மரியாதையில்லை என்றார் யேசுதாசன். நேரத்தைப் போக்கத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! ஓய்வு என்பது சும்மா கிடைக்கிறதில்ல. இந்தக் கழகம் மூணு வாரமா ராப்பகலா உழைச்சு அதை உண்டாக்கியிருக்கு. நம்ம பொம்பளைங்க நிக்கறதுக்குன்னே பொறந்தவங்க. மரத்துக்கு மரம் நின்னவங்க. ஒரு தடவை தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை என்னைக் கேட்டான், பிள்ளைத்தாச்சிகளுக்கு உக்காந்து செய்யற வேலை கொடுக்கலாமா கிராணின்னு. நான் சொன்னேன், வேண்டாம் துரை, உக்கார வச்சா இவளுங்க ஒடம்பு கெட்டுப்போயிடும்னு. துரை ஒத்துக்கிட்டான். அந்த அளவுக்கு நம்ம சனங்க மேல எனக்கு அக்கறை!”

கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகளில் இருந்தவர்கள்.

செல்லாயிக்கு அந்த வருடம் ஞாபகம் வந்தது. ஏழு மாதத்தில், முப்பதாவது மரத்தடியில், வாளியோடு சேர்ந்து விழுந்தவள் அவள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. யார் சொல்லி நின்றோம் என்று இருபது வருடமாகத் தெரியாமல் இருந்தது, இப்போது ஒலிபெருக்கியில் தெரிந்துவிட்டது. பட்டுச் சேலைக்குள் தொடை வழியாகச் சூடாக ஒன்று இறங்கியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

தட்டோடு உள்ளே நடந்தாள். மேடையில் டத்தோவுக்காகப் போட்டிருந்த வெல்வெட் நாற்காலியில் தட்டை வைத்தாள். ஆலத்தித் தண்ணீர் சிவப்பாகத் தளும்பிக் கொட்டியது. திரும்பி வாசலை நோக்கிப் போனாள்.

“செல்லாயி!” என்றது ஒலிபெருக்கி.

கால் நின்றுவிட்டது. பாழாய்ப்போன கால்.

“செல்லாயி உடையப்பன்!” அதே பெரட்டுக் குரல். மண்டபம் முழுக்க அவளையே பார்த்தது. வாய் ‘இருக்கேங்க’ என்று சொல்லத் திறந்ததை அவளே உணர்ந்தாள். பல்லைக் கடித்து மூடினாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

டத்தோ பன்னிரண்டுக்கு வந்தார். மூன்று தட்டுகள்தான் நின்றன. ரோசரி சந்தனத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் செல்லாயி பின்னாலேயே போய்விட்டாள். டத்தோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு எதற்கு என்று கேட்காமலே சான்றிதழை அப்பாவு கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குச் செயலவை அவள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியது. உடையப்பன் எழுந்தான். பாயில் படுத்திருந்த செல்லாயி தலையைத் தூக்காமல் சொன்னாள்: “தொறந்தா நீங்களும் அவுங்களோடயே போயிடணும். அப்புறம் இந்தக் கதவு உங்களுக்கும் கெடையாது.”

உடையப்பன் உட்கார்ந்துகொண்டான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

“செல்லாயி, உள்ளாறதானே இருக்க?” என்றார் பழனியப்பன் வெளியே.

“வீட்டுல ஆள் இல்ல” என்றாள் அவள், நன்றாகக் கேட்கும்படி.

வெளியே அவர்கள் கலந்து பேசினார்கள். யேசுதாசன் எழுதிய கூட்டக் குறிப்பு இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது: ‘கதவைத் தட்டியபோது, வீட்டில் ஆள் இல்லை என்று திருமதி செல்லாயி அவர்களே தெரிவித்தார்கள். செயலவை அதை ஏற்றுக்கொண்டு திரும்பியது.’

மிச்சம் நாலு ஞாயிற்றுக்கிழமைகள். நாலிலும் தட்டினார்கள். நாலிலும் ஆள் இல்லை. அவள் கதவைத் தாழிட்டு, ரோசரி கொண்டுவந்த ஈரலைத் தின்று, மருந்தைக் குடித்து, தூங்கினாள். முதல் ஞாயிறு தூக்கமே வரவில்லை, குற்றம் செய்த மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசி ஞாயிறு யார் தட்டினார்களென்றுகூடத் தெரியவில்லை.

ரத்தம் பத்தும் சொச்சமும் இருந்தது. கட்டியை எடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அவள் கண் விழித்தபோது, கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் வாடிய மாலை, ஒருவர் கையில் சான்றிதழ், கால்மாட்டில் போட்டோக்காரர். ‘கழகத்தின் முயற்சியால் நலம் பெற்ற உறுப்பினர்’ என்று ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம். அப்பாவு பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனியப்பன், ஊசி குத்தியிருந்த அவள் கையைத் தூக்கிச் சான்றிதழின் மேல் வைத்தார். சுருக்கென்று வலித்தது.

“ஏய், இது என்னா கூட்டம்?” என்று வந்தாள் அந்தத் தமிழ் மிஸி. “ரெண்டு பேருக்கு மேல கூடாதுன்னு தெரியாதா? நீங்கள்லாம் யாரு, சொந்தக்காரங்களா?”

“சொந்தத்துக்கும் மேலம்மா. செல்லாயியவே கேளு” என்றார் பழனியப்பன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பழைய குரலில் கூப்பிட்டார். “செல்லாயி!”

செல்லாயி கையை இழுத்துக்கொண்டாள். தலைவரைப் பார்த்தாள். அப்பாவுவைப் பார்த்தாள். ஏழு முகத்தையும் ஒன்று விடாமல், நிதானமாகப் பார்த்தாள்.

“யாருன்னு தெரியல மிஸி” என்றாள். “வேற யாரையோ பாக்க வந்தவங்க போல.”

மிஸி கையைத் தட்டி, கோழி விரட்டுவது போல் அவர்களை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். செல்லாயி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிப் போனாள்.